ஓய்வுநேரப் பக்கம்: குறி தவறுவது ஏன்?

சென்ற இதழில் கேரம் பலகையைப் பற்றி நான் எழுதியதைப் படித்த அன்பர் ஒருவர், "எங்கள் வீட்டுப் பையன் கேரம் பலகையைத் திரும்பியும் பாரான், கணினியில் துப்பாக்கி விளையாட்டே கதி என்று கிடக்கிறான். அதைப் பற்றியும் எழுதுங்களேன்!" என்று கேட்டிருக்கிறார். கேலியாகக் கேட்டாரோ, கவலையோடு கேட்டாரோ, அறியேன். ஆயினும் எழுதுவது என்றே துணிந்தேன். அதே வினா என் வீட்டுக்குள்ளும் சில திங்களாக உலவி வந்ததே காரணம்.

என் தமக்கையின் மகன் விழுப்புரத்திலிருந்து வந்து, இங்கே கரக்பூரில் எங்கள் ரயில்வே குடியிருப்பில் தங்கிப் படிக்கிறான். பகல் முழுதும் அவன் காதில் விழுவது வங்காளமும் இந்தியும்தான். இரவு ஒன்பது மணிக்கு மேல், ஊரிலுள்ள பள்ளித்தோழர் நால்வரோடு சேர்ந்து 'கவுண்டர் ஸ்டிரைக் 2' என்னும் விளையாட்டை ஒரு மணி நேரம் ஆடுவான். அணிக்கு ஐவர். ஆடும்போதே காதுக்கருவி வழியாகப் பேசிக்கொள்வார்கள். தன் வயதினரோடு அவன் தமிழ் பேசுவது அந்த ஒரு மணி நேரமே என்பதை என் மனைவிதான் முதலில் கண்டு எனக்குச் சொன்னாள்.

ஒருநாள் அந்த நால்வரும் அவனைச் சிறிது காலம் ஒதுங்கியிருக்கச் சொல்லிவிட்டார்கள். அவன் சுடுவது ஒன்றும் படுவதில்லையாம். ஐந்தாமவனாக வேறொரு பையனைச் சேர்த்துக்கொண்டார்களாம். பையன் சண்டை போடவில்லை. சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மூன்று நாள் இப்படிப் போயிற்று. நான்காம் நாள் என்னிடம் வந்து, "மாமா, ஏழாயிரம் ரூபாய் இருந்தால் நல்ல மவுஸ் ஒன்று வாங்கிவிடலாம்" என்றான்.

நானும் இவ்விளையாட்டுக்கு முற்றிலும் புதியவன் அல்லேன். 2006-ஆம் ஆண்டு வாக்கில், மதுரையில் பிரவுசிங் சென்டர் ஒன்றில், மணிக்கு 20 ரூபாய் கொடுத்து இதன் பழைய பதிப்பை ஆடியவன்தான். ஆகவே, "பணம் இருக்கட்டும், முதலில் நீ ஆடுவதைப் பார்க்கிறேன்" என்று பக்கத்தில் அமர்ந்தேன்.

அறியாத பெரியோர்க்காக ஒரு சொல். இவ்வகை விளையாட்டில் திரைதான் நம் கண். நடுவில் ஒரு சிறிய கூட்டல் குறி அசையாமல் நிற்கும். மவுஸை நகர்த்தினால் உலகமே திரும்பும்; குறி எங்கே படிகிறதோ அங்கேதான் குண்டு போகும். பையனோ குறியைத் தரையில் போட்டுக்கொண்டு நடந்தான். மூலையில் எதிரி தோன்றியதும் கையை வெடுக்கென்று இழுப்பான். குறி எதிரியைத் தாண்டி அப்பால் போகும். திரும்பக் கொண்டுவருவதற்குள் இவன் விழுந்து கிடப்பான்.

தாண்டிப் போவதேன்? கணக்குப் போடுவது என் பிழைப்பாகையால் அதையே முதலில் பார்த்தேன். அவன் மவுஸின் டி.பி.ஐ. 3200, அதாவது ஓர் அங்குலம் நகர்ந்தால் அது 3200 எண்ணிக்கைகளை அனுப்பும். விளையாட்டில் சென்சிடிவிட்டி 1. அந்த அளவில் ஓர் எண்ணிக்கைக்குப் பார்வை 0.022 பாகை திரும்பும். முழு வட்டம் 360 பாகை சுற்ற ஏறத்தாழ 16,364 எண்ணிக்கை வேண்டும். 3200-ஆல் வகுத்தால் 5.1 அங்குலம், அதாவது 13 சென்டிமீட்டர். அஞ்சலட்டை ஒன்றின் நீளத்துக்குக் கை நகர்ந்தால் உலகம் ஒரு சுற்று சுற்றிவிடும்!

இருபது மீட்டர் தொலைவில் நிற்பவனின் தலை, இருபது சென்டிமீட்டர் அகலம் என்று கொண்டால், நம் பார்வையில் அரைப் பாகைக்குச் சற்றே அதிகம். பையனின் கணக்கில் அது கையசைவில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. பொற்கொல்லனுக்குக்கூட அந்த நுணுக்கம் அவசரத்தில் கைகூடாது. டி.பி.ஐ.யை 800 ஆக்கினேன். முழுச் சுற்றுக்கு 52 சென்டிமீட்டர் ஆயிற்று. அதே தலைக்கு முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் இடம் கிடைத்தது. தேர்ந்த ஆட்டக்காரர் பலர் ஏறத்தாழ இந்த அளவிலேயே ஆடுகிறார்கள். ('வாலரண்ட்' ஆடுவோர் கவுண்டர் ஸ்டிரைக் எண்ணை 3.18-ஆல் வகுத்து வைத்துக்கொண்டால் அதே அளவு வரும்.)

"இவ்வளவு மெதுவாக இருந்தால் பின்னால் வருபவனைத் திரும்பிப் பார்க்கவே முடியாதே, மாமா!" என்றான். உண்மைதான். பாதிச் சுற்றுக்கு 26 சென்டிமீட்டர் வேண்டும். அவன் ஆடியதோ என் மனைவியின் தையல் இயந்திரப் பலகையில். கீபோர்டு போக மிஞ்சியது ஒரு சாண். இடமில்லாத குறையினால்தான் அவன் அளவை ஏற்றி வைத்திருந்தான் என்பது அப்போதுதான் விளங்கிற்று. ஏழாயிரம் ரூபாய் மவுஸ் வந்திருந்தாலும் அதே ஒரு சாணில்தான் அது ஓடியிருக்கும். கணினியைச் சாப்பாட்டு மேசைக்கு மாற்றினோம். அகலமான துணி விரிப்பு ஒன்று வாங்கினோம். கீபோர்டைச் சற்றுச் சாய்த்து வைத்ததில் இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்தது. மணிக்கட்டை மட்டும் வெட்டி ஆடாமல், முழங்கையிலிருந்து கை முழுதும் நகரப் பழகச் சொன்னேன். திரையைப் பற்றியும் கேட்டான். நொடிக்கு 60 படம் காட்டும் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 17 மில்லிநொடி. 144 காட்டும் திரையில் 7. அது பயன் தருவதே. எனினும் அவன் தோற்றது அதனாலன்று.

இதைவிடப் பெரிய செய்தி வேறு. கண்ணில் ஒன்று பட்டுக் கை அசைவதற்குப் பெரும்பாலோர்க்கு ஒரு நொடியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆகிறது. பயிற்சியால் அதைப் பெரிதும் குறைக்க இயலாது. குறைக்கக் கூடியது, அதன்பின் கை செல்ல வேண்டிய தூரமே. 1954-இல் பால் ஃபிட்ஸ் என்னும் அமெரிக்க உளவியலார் இதை அளந்து விதியாகவே வகுத்தார்: இலக்கு தொலைவாகவும் சிறிதாகவும் இருக்க இருக்க, கை அதைச் சென்றடையும் நேரம் கூடும். தலையின் அளவை நாம் பெருக்க முடியாது. தூரத்தைக் குறைக்கலாம் அல்லவா? எதிரி வரக்கூடிய மூலையில், அவன் தலை வரக்கூடிய உயரத்தில், அவன் வருமுன்பே குறியை வைத்துக்கொண்டு நடந்தால் கைக்கு வேலை ஒரு விரற்கடைகூட இராது. கண்ணும் நினைவும் செய்ய வேண்டிய வேலையை நம் பையன்கள் கையின் தலையில் கட்டுகிறார்கள்.

மெய்யான துப்பாக்கி சுடும் வீரர்க்கும் இப்படித்தான் கற்பிக்கிறார்கள். உடல் இயல்பாகத் தளர்ந்து நிற்கும்போதே குழல் இலக்கை நோக்கும்படி முதலில் நிற்கப் பழக வேண்டும். வலிந்து இழுத்துப் பிடித்த குறி நிலைக்காது. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்து, டோக்கியோவிலும் பாரிசிலும் ஒலிம்பிக்கில் சுட்ட இளவேனில் வாலறிவனை இங்கே நினைத்துக்கொள்கிறேன். நம்மைப் போல் ஊர்விட்டு வந்த குடும்பத்துப் பெண் அல்லவா!

இன்னொன்று: ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும். இடப்புறம் நகர 'ஏ', வலப்புறம் நகர 'டி'. இடப்புறம் செல்பவன் 'ஏ' விசையை விட்டு 'டி'யை ஒரு கணம் தட்டினால் கால் உடனே நிற்கும்; நின்ற அக்கணத்தில் சுட வேண்டும். ஏ.கே.47 தொடர்ந்து சுட்டால் குழல் முதலில் மேலே எழும், பிறகு பக்கவாட்டில் ஆடும். அந்த வரிசை மாறாதது. வெறுஞ்சுவரைச் சுட்டுப் பார்த்தே மனப்பாடம் செய்யலாம்.

நாளும் இருபது நிமிடம் இவற்றையே பழகுவது என்று ஏற்பாடு. அதிலும் முதல் சில நாள் விரைவு கூடாது. தவறாமல் படுகிறதா என்பது ஒன்றே கணக்கு. தோற்ற ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் அளவை மாற்றும் வழக்கம் அவனுக்கு இருந்தது. எண்ணைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, ஒரு திங்கள் அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

பத்து நாள் நிலைமை முன்னைவிடக் கேடாயிற்று. பழகிய கை புதிய அளவுக்கு வர மறுத்தது. நானும் ஒரு தவறு செய்தேன். ஒவ்வொரு நாளும் பின்னால் நின்றுகொண்டு, "தரையைப் பார்க்காதே, தலையைப் பார்" என்று ஓதிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவன் காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்து, "நீங்கள் நின்றால் எனக்குக் கை நடுங்குகிறது, மாமா" என்றான். என் மனைவி என்னை அடுக்களைக்கு அழைத்துக்கொண்டு போய் வெங்காயம் உரிக்கக் கொடுத்தாள். அதன்பின் ஆட்டம் நடக்கையில் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

ஐந்தாறு வாரம் கழிந்தபின், தோழருள் ஒருவனுக்குத் தேர்வு வந்துவிட, ஓர் ஆளுக்குக் குறை என்று அவனுக்கு அழைப்பு வந்தது. நான் அடுக்களையிலேயே இருந்தேன். முதல் அரைமணி ஓசையே இல்லை. பிறகு அவன் சிரிப்பதும், விழுப்புரத்துப் பேச்சில் யாரையோ வைவதும் கேட்டன. முடிந்ததும் வந்து நின்றான்.

"எத்தனை?" என்றேன்.

"பதினொன்று, மாமா. ஆனால் தோற்றுவிட்டோம். நாளைக்கும் வரச் சொன்னார்கள்."

ஏழாயிரம் ரூபாய்ப் பேச்சு அதன்பின் எழவில்லை. மேசைதான் தொல்லை. ஒன்பது மணிக்கு அது அவனுக்கு வேண்டும் என்பதால், இப்போது எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு எட்டேகாலுக்கே முடிந்துவிடுகிறது.