முழங்காலுக்கு ஒரு நியாயம், மனசுக்கு ஒரு நியாயமா?

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது முழுசாகப் படித்துவிட்டு, அப்புறம் சண்டைக்கு வாருங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு சுற்றியது. "கோடியில் சம்பளம், ஃபைவ் ஸ்டார் ஓட்டல், மசாஜ் பண்ண ஆள். இவங்களுக்கு மனச்சோர்வாம், தெரபியாம்! எங்க தாத்தா பத்துப் பிள்ளை பெத்து வளர்த்தார். ஒரு தெரபிஸ்ட்டையும் பார்க்கல." கீழே பதினேழு பேர் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மையைப் போட்டிருந்தீர்கள். இரண்டு நாள் கழித்து அதே ஃபார்வர்டு நம் பள்ளி மாணவிகள் குழுவிலும் வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தத் தாத்தாவைப் பார்ப்போம். அவர் தெரபிஸ்ட்டைப் பார்க்கவில்லைதான். அவர் காலத்தில் ஊருக்கு ஓர் ஆள் திண்ணையில் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருப்பாரே, அவருக்கு என்ன பெயர் வைத்தோம்? "பேய் பிடிச்சிருக்கு" என்று வேப்பிலை அடித்தோமே, அந்த அத்தைக்கு என்ன நோய்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். ஓட முடியாதபடி சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் நோய் இருந்தது. வைத்தியம்தான் இல்லை. வைத்தியம் இல்லாததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரே நோய் இதுதான். "எங்க தாத்தா காலரா ஊசி போடல" என்று யாராவது மார் தட்டுகிறோமா?

அடுத்தது சம்பளம். பும்ராவுக்கு முதுகில் காயம். 2022 டி20 உலகக் கோப்பையில் ஆடவில்லை, 2023இல் நியூசிலாந்து போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்தார். "கோடி வாங்குறியே, உனக்கு எப்படிப்பா முதுகு வலிக்கும்?" என்று நம் குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. சீக்கிரம் குணமாக வேண்டும் என்று கும்பிடு பொம்மைதான் போட்டீர்கள். பணம் முதுகெலும்பைக் காப்பாற்றாது என்று நமக்குத் தெரிகிறது. மூளையை மட்டும் காப்பாற்றிவிடும் என்று எந்தப் பாடப்புத்தகத்தில் படித்தீர்கள்? நான் அப்படி நடத்தவில்லை.

சரி, சிமோன் பைல்ஸ் கதைக்கு வருகிறேன். இந்த ஃபார்வர்டுகளில் அதிகம் அடிபடும் பெயர் அவருடையது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 2021 ஜூலை 27, ஜிம்னாஸ்டிக்ஸ் அணி இறுதிப் போட்டி. வால்ட் தாண்டும்போது காற்றில் இரண்டரை முறுக்கு போட வேண்டியவர், ஒன்றரையோடு இறங்கினார். அதோடு அன்றைய போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். "நாட்டுக்காக ஆடப் போனவள் பாதியில் விட்டுட்டு வரலாமா?" என்று உலகமே பஞ்சாயத்து பேசியது. அமெரிக்காவில் ஒரு மாநில அரசின் சட்ட அதிகாரியே அவரைத் தேசத்துக்கு அவமானம் என்று எழுதி, பிறகு மன்னிப்புக் கேட்டார். நம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை.

இங்கே நான் பிசிக்ஸ் டீச்சராகப் பேச வேண்டியிருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் கோண உந்தம் நடத்தும்போது ஒருத்தியைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கையிலும் செங்கல்லைக் கொடுத்துச் சுற்றிவிடுவேனே, ஞாபகம் இருக்கிறதா? கையை மடக்கினால் வேகமாகச் சுற்றுவாள், விரித்தால் மெதுவாகும். ஜிம்னாஸ்டிக்ஸ் முழுக்க அந்தச் செங்கல் பாடம்தான். கால் தரையை விட்டு எழும்பிய பிறகு கோண உந்தத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. எப்போது மடக்குவது, எப்போது விரிப்பது, தரை எந்தப் பக்கம் என்பதை மூளைதான் கண் இமைப்பதற்குள் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கு திடீரென்று நின்றுபோவதற்கு அவர்கள் 'ட்விஸ்டீஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே எது, கீழே எது என்று காற்றில் இருப்பவருக்கே தெரியாது. இறங்குவது காலில்தானா, கழுத்திலா என்பதும் தெரியாது.

கழுத்து என்று பயமுறுத்தச் சொல்லவில்லை. சோவியத் வீராங்கனை யெலீனா மூகினா 1978இன் உலகச் சாம்பியன். கால் முறிவு சரியாகத் தேறும் முன்பே பயிற்சிக்குத் திரும்ப வைக்கப்பட்டார். 1980 ஜூலையில், மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்குச் சில வாரமே இருக்கையில், பயிற்சியின்போது தலைகீழாக விழுந்தார். அதன் பிறகு அவர் கழுத்துக்குக் கீழே எதையும் அசைக்கவில்லை. 2006இல் இறக்கும்வரை அப்படித்தான். "முடியாது" என்று சொல்லும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருந்ததா?

சிமோன் பைல்ஸ் "முடியாது" என்றார். கழுத்து பிழைத்தது. ஒரு வாரம் கழித்து, 10 சென்டிமீட்டர் அகலமுள்ள பேலன்ஸ் பீம் மீது ஏறினார். முறுக்கு இல்லாத மாதிரி கடைசித் தாவலை மாற்றி வைத்துக்கொண்டு வெண்கலம் வாங்கினார். அந்த ஆண்டு செப்டம்பரில், அணி மருத்துவரின் பாலியல் கொடுமை பற்றியும் அதைக் கண்டும் காணாமல் இருந்த அமைப்புகள் பற்றியும் அமெரிக்க செனட் குழு முன் சாட்சி சொன்னார். என்னவெல்லாம் சுமந்துகொண்டு டோக்கியோவுக்குப் போயிருந்தார் என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

2024இல் பாரிஸ். அணி இறுதிப் போட்டி நடந்த நாள் காலையில் தன் தெரபிஸ்ட்டுடன் பேசிவிட்டுத்தான் போட்டிக்கு வந்ததாக அவரே சொன்னார். அந்த ஒலிம்பிக்ஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. தெரபி ஆளை பலவீனமாக்கும் என்பவர்கள் இந்தக் கணக்கை எனக்குப் போட்டுக் காட்டுங்கள். மைக்கேல் ஃபெல்ப்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2014இல் உயிர்வாழவே விருப்பம் இல்லாத நிலைக்குப் போய், சிகிச்சையில் சேர்ந்து, அதன் பிறகு 2016 ரியோவில் ஐந்து தங்கம் வாங்கினார்.

"தினமும் ஓடு, யோகா பண்ணு, எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்பவர்களுக்கும் ஃபெல்ப்ஸ்தான் பதில். ஒலிம்பிக்ஸில் 23 தங்கம் வாங்கிய மனிதரைவிடவா நீங்கள் உடற்பயிற்சி செய்துவிடப் போகிறீர்கள்? யோகா நல்லது. கோவிலுக்குப் போவதும் நல்லது, நானும் போகிறேன். சர்க்கரை இருப்பவர் கோவிலுக்கும் போவார், மாத்திரையும் போடுவார். அதற்குப் பெயர் அவநம்பிக்கை இல்லை.

"எல்லாம் விளம்பரம்" என்று ஒரு கட்சி இருக்கிறது. 2021 பிரெஞ்சு ஓப்பனில் நவோமி ஒசாகா பத்திரிகையாளர் சந்திப்புக்கு வர முடியாது, மனசுக்குத் தாங்கவில்லை என்றார். 15,000 டாலர் அபராதம். நான்கு பெரிய போட்டிகளை நடத்துபவர்களும் ஒன்றுசேர்ந்து எச்சரிக்கை விட்டார்கள். அவர் போட்டியை விட்டே விலகி, 2018இலிருந்து மனச்சோர்வோடு போராடுவதை அப்போது வெளியே சொன்னார். கேமரா முன்னால் வரமாட்டேன் என்று அபராதம் கட்டி வீட்டுக்குப் போவது எந்த ஊர் விளம்பரம்?

நம் பக்கம் வருவோம். 2025 அக்டோபர் 30, நவி மும்பை. மகளிர் உலகக் கோப்பை அரையிறுதி, ஆஸ்திரேலியா வைத்த இலக்கு 339. ஜெமிமா ரோட்ரிக்ஸ் 127 ரன், அவுட் இல்லை. முடிந்ததும் அழுதுகொண்டே, இந்தத் தொடர் முழுக்கப் பதற்றத்தோடு போராடினேன், அம்மாவுக்குப் போன் பண்ணி அழுதேன் என்று சொன்னது. நம் குழுவில் அத்தனை பேரும் இதயம் போட்டீர்கள், சந்தோஷம். ஆனால் கேட்கிறேன். அன்று அந்தப் பெண் பூஜ்யத்தில் அவுட்டாகி, இதே வார்த்தையைச் சொல்லியிருந்தால்? "இவளை எல்லாம் எதுக்கு டீம்ல எடுக்கிறாங்க" என்று எழுதியிருக்க மாட்டீர்களா? ஜெயித்த பிறகு அழுதால் போராளி, ஜெயிக்கும் முன் அழுதால் கோழை. கண்ணீர் ஒன்றுதான். ஸ்கோர்போர்டைப் பார்த்துவிட்டுத்தான் நமக்கு இரக்கம் வருகிறது.

சதுரங்கத்திலும் இதே கதை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் சென்னைப் பிள்ளை குகேஷ் உலகச் சாம்பியன் ஆனபோது, மனப்பயிற்சியாளர் பாடி அப்டன் அவருடன் வேலை செய்ததை "என்ன திட்டமிடல்!" என்று பாராட்டினோம். எதிரில் உட்கார்ந்திருந்த டிங் லிரென், 2023இல் பட்டம் வென்ற பிறகு மனச்சோர்வில் விழுந்து மாதக்கணக்கில் ஆடாமல் இருந்தவர், சிகிச்சை எடுத்தவர். அவரைப் பற்றி "மெண்டல் ஆயிட்டான்" என்று எழுதினார்கள். அந்த நிலையிலும் 14ஆவது ஆட்டம்வரை சமமாக இழுத்துக்கொண்டு வந்தார் அந்த மனிதர். குகேஷே அவரை உண்மையான சாம்பியன் என்றார். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இருந்த பக்குவம் நம்மில் பலருக்கு இல்லை.

"அப்போ ஆட்டக்காரர்களை விமர்சிக்கவே கூடாதா டீச்சர்?" என்று கேட்பீர்கள். தாராளமாக விமர்சியுங்கள். டிக்கெட் வாங்குகிறோம், ராத்திரி முழுக்க விழித்துப் பார்க்கிறோம். மோசமான ஷாட் என்றால் மோசமான ஷாட் என்று சொல்லுங்கள், அணியில் இடம் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லுங்கள். என் சண்டை அதோடு இல்லை. ஒருவர் மருத்துவரிடம் போவதைக் கேலி செய்வதோடுதான்.

அந்தக் கேலி என்ன செய்யும் என்பதற்கு ஒரு பெயர் சொல்கிறேன். ராபர்ட் என்கே, ஜெர்மனி கால்பந்து கோல்கீப்பர். 2010 உலகக் கோப்பைக்குக் கோல்கீப்பராகப் போகக்கூடியவர் என்று பேசப்பட்டவர். பல வருஷ மனச்சோர்வு. சிகிச்சை எடுத்தார், ஆனால் ரகசியமாக. வெளியே தெரிந்தால் ஆட்டம் போய்விடும், தத்தெடுத்த பெண் குழந்தையையும் பறித்துவிடுவார்கள் என்று பயம். 2009 நவம்பரில், 32 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இதையெல்லாம் அவர் மனைவிதான் பிறகு உலகத்துக்குச் சொன்னார். மைதானத்தில் அஞ்சலி செலுத்தப் பல்லாயிரம் பேர் வந்தார்கள். உயிரோடு இருந்தபோது அவர் பயந்தது யாருக்கு? இதே கூட்டத்துக்குத்தான்.

இங்கிலாந்தின் மார்கஸ் டிரெஸ்கோதிக் 2006இல் இந்தியச் சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டுப் போனார். முதலில் வைரஸ் காய்ச்சல் என்று சொன்னார். மனச்சோர்வு என்று பிற்பாடு புத்தகமே எழுதினார். காய்ச்சல் என்றால் மரியாதை உண்டு, மனசு என்றால் கிடையாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது நான் இந்தப் பதிவை எழுதக் காரணமான விஷயம். அந்த ஃபார்வர்டு நம் மாணவிகள் குழுவில் வந்த அன்று இரவு, ஒரு பழைய மாணவி எனக்குத் தனியாக எழுதினாள். அவள் அனுமதியோடு சொல்கிறேன், யார் என்று தேடாதீர்கள். "டீச்சர், நான் ரெண்டு வருஷமா மனநல டாக்டர்கிட்ட போறேன். வீட்டில தைராய்டு மாத்திரைன்னு சொல்லி வெச்சிருக்கேன். பக்கத்து ஊர்ல பார்த்தா தெரிஞ்சவங்க பார்த்துடுவாங்கன்னு மூணு மணி நேரம் பஸ்ல போறேன். அந்த ஜோக்குக்கு என் அண்ணனும் சிரிச்சிருக்கான்." வேலைக்குப் போகிறாள், குழந்தையை வளர்க்கிறாள், அந்த மாத்திரையால்தான் தூங்குகிறாள். ஒரு நோயைச் சமாளிக்க அவளுக்குத் தெம்பு இருக்கிறது. நம் சிரிப்பையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

ஆட்டக்காரர்கள் உங்கள் கமெண்ட்டைப் படிக்கப் போவதில்லை. சிமோன் பைல்ஸுக்குத் தமிழ் தெரியாது. படிப்பது யார்? உங்கள் வீட்டில் நீட் தேர்வுக்கு இரண்டாவது தடவை படிக்கிறதே, அந்தப் பிள்ளை. பிரசவமாகி மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடாத மருமகள். ரிட்டயர் ஆன பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்ட சித்தப்பா. அந்தச் சிரிக்கும் பொம்மையைப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டில் இதை வாய் திறந்து சொல்லக் கூடாது" என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள். வீரரைத்தான் அடித்ததாக நினைக்கிறீர்கள். அடி பக்கத்து அறையில் விழுகிறது.

எனவே டீச்சராக மூன்று வீட்டுப்பாடம் தருகிறேன்.

ஒன்று, "கீழ்ப்பாக்கம் கேஸ்", "மெண்டல்", "லூசு" என்ற வார்த்தைகளை விடுங்கள். கீழ்ப்பாக்கத்தில் இருப்பது 1794இல் தொடங்கி இன்றுவரை ஏழைகளுக்கும் வைத்தியம் பார்க்கும் மருத்துவமனை. அதை வசவுச் சொல்லாக்கியது நம் சினிமாவும் நாமும்தான்.

இரண்டு, சட்டம் தெரிந்துகொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய் சிகிச்சைக்கும் காப்பீட்டு நிறுவனங்கள் இன்சூரன்ஸ் தர வேண்டும். சட்டத்துக்கே முழங்காலும் மனசும் ஒன்று.

மூன்று, 14416 என்ற எண்ணைப் போனில் சேமித்து வையுங்கள். டெலிமானஸ் என்ற அரசு சேவை. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். யாருக்கு எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது, நமக்கே தேவைப்படலாம்.

அந்தப் பதினேழு பேர் யார் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் போடவில்லை. அந்தப் பொம்மையை இப்போதும் எடுத்துவிடலாம், வாட்ஸ்அப்பில் அதற்கு வசதி இருக்கிறது. மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன். கேலி மட்டும் வேண்டாம். யாராவது கேலி எழுதினால் அழித்துவிடுவேன், சொல்லிவிட்டேன்.

தனியாகப் பேச வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால் என் பழைய நம்பர்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் டீச்சர்