ஆறு வெடியும் ஒரு வெடியும்

சென்ற மாதம் ஒருநாள் உயர்தர வகுப்பிற் சரித்திரப் பாடம் நடந்துகொண்டிருந்தது. 1638 ஆம் ஆண்டிற் கன்னொறுவையில் நிகழ்ந்த போரைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்தேன். பேராதனைக்கு அணித்தாக, மகாவலி கங்கையின் கரையில், இரண்டாம் இராசசிங்க மன்னனின் படை போர்த்துக்கீசரைச் சுற்றி வளைத்து முறியடித்த போர் அது. அக்காலத்துத் துவக்கு எவ்வாறு இயங்கிற்று என்பதையும் விளக்கினேன். குழலில் மருந்தை இட்டு, குண்டைப் போட்டு, கோலால் இடித்து இறுக்கிய பின்னரே ஒரு வெடி. அது தீர்ந்தால் மீண்டும் அத்தனை வேலையும் முதலிலிருந்து. இதைக் கேட்டுக் கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

"சேர், இப்பொழுது சுழலும் உருளை வைத்த வேட்டைத் துவக்கு இருக்கிறதாம். றிவோல்வர் மாதிரி ஐந்து, ஆறு தோட்டாக்கள் அடுத்தடுத்து வெடிக்கும். அப்படி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தால் ஒரு குரங்கும் மிஞ்சாது" என்றான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் மாத்திரம் சிரிக்கவில்லை. பின்னர் விசாரித்தபோதுதான் காரணம் தெரிந்தது. அவன் வீடு கலஹாப் பக்கத்து மலைச்சரிவில் இருக்கிறது. தகப்பனார் தோட்ட வேலை முடிந்து வந்து, வீட்டை அண்டிய சிறு நிலத்திற் போஞ்சியும் மரவள்ளியும் பயிரிடுபவர். மூன்று மாதம் நீரூற்றி வளர்த்த போஞ்சிப் பந்தலை ஒரே காலையிற் குரங்குக் கூட்டம் குலைத்துப் போட்டுவிட்டது. அவனுடைய மாலை வகுப்புக் கட்டணம் அந்தப் பந்தலில்தான் காய்த்துக்கொண்டிருந்தது.

பிள்ளையின் கேள்விக்குப் பின்னால் வயிற்றெரிச்சல் இருக்குமானால், அதைச் சிரித்துத் தள்ளுவது ஆசிரியனுக்கு அழகன்று. ஆகவே அந்த வாரம் சுழல் துவக்கின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததை அவனுக்கும் சொன்னேன், இங்கும் சொல்லுகிறேன்.

ஒரே துவக்கிற் பல வெடி வேண்டும் என்னும் ஆசை பழையது. இலண்டனில் ஜேம்ஸ் பக்கிள் என்னும் வழக்கறிஞர் 1718 ஆம் ஆண்டிலேயே, முக்காலியில் நிறுத்திக் கையாற் சுழற்றும் உருளைத் துவக்கு ஒன்றுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். கிறித்தவர்மீது உருண்டைக் குண்டும் துருக்கர்மீது சதுரக் குண்டும் சுடலாம் என்று அப்பத்திரத்தில் எழுதியிருந்தார்! மனித மூளை கூர்மையாகும்போது மனிதநேயமும் கூடவே வளர்வதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. 1722 இல், கொட்டும் மழையில், ஒருவர் அத்துவக்கை ஏழு நிமிடத்தில் 63 முறை வெடித்துக் காட்டினார் எனப் பத்திரிகைகள் வியந்து எழுதின. ஆயினும் வாங்குவோர் அதிகம் வரவில்லை.

வடஇந்தியக் கைவினைஞரும் இம்முயற்சிக்குப் பின்னிற்கவில்லை. கையாற் சுழற்றும் உருளை பொருத்திய திரித் துவக்குகளை அவர்கள் செய்தனர். அவற்றை இன்றும் அரும்பொருட்சாலைகளிற் காணலாம். நமது கண்டிநாட்டுக் கொல்லரும் துவக்குத் தொழிலிற் பேர்போனவர்கள். யானைத் தந்தமும் வெள்ளியும் பதித்த நீண்ட துவக்குகளையும், மற்ற நாட்டாரின் வழக்கத்துக்கு மாறாக இடப்புறத்திற் பொறி அமைந்த துவக்குகளையும் அவர்கள் செய்தனர். ஆனால் அவை ஒற்றை வெடித் துவக்குகளே.

இந்த ஆசையைத் தொழிலாக மாற்றியவர் அமெரிக்கரான சாமுவேல் கோல்ற். பதினாறு வயதில், 1830 ஆம் ஆண்டில், கல்கத்தாவுக்குச் சென்ற பாய்க்கப்பல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். கப்பலின் சக்கரம் சுழன்று சுழன்று ஓரிடத்திற் பூட்டி நிற்பதைக் கண்டு, மரத்திற் சுழல் உருளை ஒன்றைச் செதுக்கினார் என்பது அவரைப் பற்றி வழங்கும் கதை. 1836 இல் அமெரிக்க உரிமைப் பத்திரம் பெற்றார். கைத்துப்பாக்கியோடு நில்லாமல், அதே உருளையை நீண்ட வேட்டைத் துவக்கிலும் வைத்தார். 1839 ஆம் ஆண்டு மாதிரி ஒன்றும், 1855 ஆம் ஆண்டு மாதிரி ஒன்றும் அவ்வாறு வெளிவந்தன.

கைத்துப்பாக்கி உலகமெங்கும் பரவிற்று. வேட்டைத் துவக்கோ தேங்கிவிட்டது. ஒரே உருளை ஓரிடத்தில் வாழ்ந்து மற்றோரிடத்தில் வீழ்ந்தது ஏன்? இதற்கு விடை நம் வீட்டு அடுக்களையில் இருக்கிறது.

குழற்புட்டு அவிப்பதைக் கவனித்திருப்பீர்கள். பானை வாய்க்கும் குழலுக்கும் இடையில் ஆவி கசியாதபடி தாய்மார் ஈரத்துணியைச் சுற்றுவார்கள். துணி நெகிழ்ந்தால் 'புஸ்' என்று ஆவி சீறும். அருகிற் கை வைத்தவர் பாடு தெரியும். சுழல் துவக்கிலும் அத்தகைய பொருத்து உண்டு. தோட்டா இருப்பது உருளையில். குண்டு செல்ல வேண்டியது குழலில். உருளை சுழல வேண்டுமாதலால் இரண்டிற்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருந்தே தீரும். அங்கே துணி சுற்றவும் வழியில்லை. வெடிக்கும்போது நெருப்பாவியும், சிலவேளை ஈயத் துகளும் அவ்விடைவெளியாற் பக்கவாட்டிற் சீறும்.

கைத்துப்பாக்கியைப் பிடிக்கும் கை உருளைக்குப் பின்னால் இருப்பதால் தப்பிவிடுகிறது. வேட்டைத் துவக்கை ஒரு கையாற் பிடிக்க முடியாது. இடக்கை முன்னே நீண்டு குழலைத் தாங்க வேண்டும். சீறும் நெருப்பு அந்தக் கையிற்றான் படும். பழைய கருமருந்துக் காலத்தில் இதனினும் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. ஓர் அறையின் தீ அடுத்த அறைக்குத் தாவி, எல்லாம் ஒருமிக்க வெடித்துவிடுவதுண்டு. அப்போது குழலுக்கு நேரே நில்லாத அறைகளின் குண்டுகள் முன்னே நீண்டிருக்கும் கையைத் தாக்கும்.

உலோகத் தோட்டா வந்தபின் இந்தப் பெரிய ஆபத்து நீங்கிற்று. சிறிய இடைவெளி நீங்கவில்லை, பருமனும் குறையவில்லை. வேட்டைத் தோட்டா ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 2 சென்றிமீற்றர். நீளம் 7 சென்றிமீற்றர். ஐந்து தோட்டாக்களை வட்டமாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் உறுதியான இரும்புச் சுவர் வைத்தால், உருளை ஒரு பால்பேணியின் பருமனுக்கு வந்துவிடும். இரும்பாலான பால்பேணி ஒன்றைத் துவக்கின் நடுவிற் கட்டித் தூக்கிக்கொண்டு மலையேறுவதை எண்ணிப் பாருங்கள். இதற்கிடையில், 1897 இல் வின்செஸ்ரர் தொழிற்சாலையின் தள்ளுபிடித் துவக்கும், சில ஆண்டுகளிற் பிறௌணிங் என்பவரின் தானியங்கித் துவக்கும் வந்து, ஐந்து ஆறு தோட்டாக்களைக் குழலுக்குக் கீழே மெல்லிய குழாய் ஒன்றில் அடக்கிவிட்டன. உருளையின் தேவை ஒழிந்தது.

ஆசை மாத்திரம் ஒழியவில்லை. 1980களிற் தென்னாபிரிக்காவிற் பன்னிரண்டு தோட்டாக்கள் கொண்ட சுழல் துவக்கு ஒன்று தோன்றிற்று. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் அதன் உருளைக்கு வில் முறுக்க வேண்டும். தோட்டாக்களை ஒவ்வொன்றாக இட வேண்டும். ஐக்கிய அமெரிக்க அரசு 1994 இல் அதனை அழிவுப் பொறி என்னும் வகையிற் சேர்த்துக் கட்டுப்படுத்திற்று. இரசியாவிலும் ஐந்து தோட்டா உருளைத் துவக்கு ஒன்றை வடிவமைத்திருக்கிறார்கள்.

அவற்றின் நன்மையையும் மறைக்கலாகாது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால், விசையை மறுபடி இழுத்தாற் போதும். அடுத்தது வந்து நிற்கும். தானியங்கித் துவக்குப்போல இடையிற் சிக்கிக்கொள்வது அரிது. இவ்வளவையும் என் மாணவன் கவனமாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "பாரத்தையும் சூட்டையும் தாங்கிக்கொள்ளலாம் சேர். ஆறு வெடி இருக்கிறதே!" என்றான்.

அவனை நுவரெலியாவுக்கு அழைத்துச் சென்றேன். கால்நடையாக அன்று, கதையாக. பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1848 முதற் சில ஆண்டுகள் அங்கே குடியிருந்து, மலைநாட்டு வேட்டையைப் பற்றி நூல் எழுதியவர். கோல்ற்றின் சுழல் துவக்குகள் அப்பொழுதே உலகில் இருந்தன. பேக்கர் நம்பியதோ ஒற்றைக் குழலும் இரட்டைக் குழலுமான கனத்த துவக்குகளையே. மேலதிகத் துவக்குகளை ஏந்திக்கொண்டு ஆட்கள் பின்னே செல்வார்கள். ஒன்று தீர்ந்தால் அடுத்ததைக் கையிற் கொடுப்பார்கள். அவர்களே அவருடைய சுழல் உருளை! ஆயின் யானை பாய்ந்து வரும்போது அந்த உருளை சிலவேளை காட்டுக்குள் ஓடிவிடும்.

அக்காலத்தில் மேஜர் றொஜர்ஸ் என்பவர் 1,400 யானைகளைச் சுட்டார் எனச் சொல்வார்கள். அவர் 1845 இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. ஒரு வெடி, இரண்டு வெடித் துவக்குகள் இருந்த காலத்திலேயே இத்தனை அழிவு. ஆறு வெடி இல்லையே என்று காடு ஏங்கவில்லை என்றேன். அவன் அரைமனத்தோடு தலையசைத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். பேராதனையைக் கடந்து பஸ் மலையேறும்போதே பாதையோர மதில்களிற் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. "வாங்க சேர்" என்று தகப்பனார் வரவேற்றார். குலைந்த பந்தலைக் காட்டினார். குறை சொல்லவில்லை, அறுந்த கொடிகளை மாத்திரம் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டினார்.

அயலில் வயோதிபச் சிங்களவர் ஒருவர் வசிக்கிறார். மாணவன் அவரைச் 'சீயா' என்றே அழைப்பான். பயிர்காக்க அவரிடம் அனுமதிப் பத்திரத்தோடு ஓர் ஒற்றைக் குழல் துவக்கு உண்டு. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நான் வந்த காரணத்தைக் கேட்டதும் அவர் சிரித்தார். பிறகு தமிழும் சிங்களமும் கலந்து ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார்.

"மாஸ்டர், நான்கு வருஷத்துக்கு முன்பு ஒரு ராத்திரி. மரவள்ளிப் பாத்தியில் காட்டுப்பன்றி இறங்கிய சத்தம் கேட்டது. துவக்கோடு போய் மரத்தடியில் நின்றேன். கையில் ஒரே தோட்டா. இலை அசைந்தது. விசையில் விரல் வைத்துவிட்டேன். ஒரு வெடி தவறினாற் பன்றி என்மேல் பாயுமே என்று, அது வெளியே வரட்டும் எனக் காத்திருந்தேன். வெளியே வந்தது பன்றியல்ல, மாஸ்டர். ரோச் லைற் அணைந்து, வழி தெரியாமல் தடவிக்கொண்டு வந்த இந்த மனிதன்!"

அவர் கை, என் மாணவனின் தகப்பனாரைச் சுட்டியது. பையன் திடுக்கிட்டுத் தந்தையைப் பார்த்தான். இவ்வளவு காலமும் அவனுக்கு இச்செய்தி தெரியாது. தகப்பனார் நிலத்தைப் பார்த்தபடி, "அம்மாவுக்குச் சொல்லிவிடாதே" என்றார்.

"ஆறு தோட்டா இருந்திருந்தால்?" என்று நான் கேட்டேன்.

"முதலாவதைச் சத்தத்துக்கே வைத்திருப்பேன்" என்றார் முதியவர்.

ஒற்றைக் குழல் துவக்காற் பிழை நேராது என்று நான் சாதிக்க வரவில்லை. அதனாலும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். பன்றிக்கென்று வழியிற் கட்டிவைக்கும் கட்டுத் துவக்கு எத்தனையோ அப்பாவிகளின் காலைப் பறித்திருக்கிறது, உயிரையும் குடித்திருக்கிறது. அங்கே காத்திருப்பதற்கு ஒருவருமே இல்லை. ஆளையும் விலங்கையும் பகுத்தறிவது இரும்பின் வேலையன்று. அதைப் பிடித்தவன் பொறுத்திருக்கும் அந்தக் கணத்தின் வேலை. அன்றிரவு அந்தக் கணத்தைத் தந்தது, கையில் ஒன்றே இருக்கிறது என்னும் நினைவு. சுழல் உருளையின் கவர்ச்சி எதுவோ, அதுவே அந்த நினைவை அழித்துவிடும்.

"அப்படியானால் குரங்குக்கு என்ன செய்வது சேர்?" என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை எட்டு மணிக்கு, நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்குகளையும் மர அணில்களையும் மயில்களையும் எண்ணினோமே! எண்ணியது எளிது. காடு சுருங்கிய மலையில் அவற்றுக்கும் பசி, நமக்கும் பசி. ஒரே மருந்து என்னிடம் இல்லை. அயல்வீட்டார் ஐந்து குடும்பத்தினர் முறைவைத்துக் காலையிற் காவல் இருப்பதென்று அன்று பேசிக்கொண்டார்கள். பையனுக்குச் சனிக்கிழமை முறை.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையிலேயே பலாமரத்தில் ஒரு சலசலப்பு. முதியவர் உள்ளே போனார். துவக்கை எடுத்துவருவார் என்று எதிர்பார்த்தேன். பழைய பிஸ்கற் தகரம் ஒன்றையும் ஒரு தடியையும் கொண்டுவந்து பையன் கையிற் கொடுத்தார். அவன் ஓங்கி அடித்தான். கூட்டம் கலைந்து அடுத்த மரத்துக்குத் தாவிற்று. மீண்டும் அடித்தான். அதற்கும் அப்பால் தாவிற்று. அந்தத் தகரத்துக்குத் தோட்டாக் கணக்கு இல்லை. அவன் களைக்கும்வரை அடித்தான்.