வாரத்துக்கு மூன்று நாள் லீவு போட்ட சாம்பியன்!

ஜிம் பசங்களிடம் டோரியன் யேட்ஸ் பெயரைச் சொன்னால் போதும், கண் விரியும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், தரைக்குக் கீழே இருந்த டெம்பிள் ஜிம்மில் உடம்பை வளர்த்தவர். 1992 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு முறை மிஸ்டர் ஒலிம்பியா. அவருடைய 'பிளட் அண்ட் கட்ஸ்' வீடியோவைப் பார்த்தால் பார்க்கிறவருக்கே மூச்சு முட்டும்.

அதைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் கத்திக்கொண்டே பெஞ்ச் பிரஸ் போடும் கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. கத்தலைக் காப்பி அடித்தாயிற்று, சரி. அவருடைய டைம்டேபிளை? அதை மட்டும் யாரும் தொடுவதில்லை!

யேட்ஸ் வாரத்தில் நான்கு நாள்தான் வெயிட் தூக்கினார். அதுவும் சுமார் ஒரு மணி நேரம். வார்ம்-அப் முடிந்ததும் ஒரு பயிற்சிக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு நிஜமான செட், இனி ஒரு ரெப் கூட ஏறாது என்கிற வரை. அப்புறம் அந்தத் தசைக்குக் கிட்டத்தட்ட ஒரு வாரம் விடுமுறை.

எதிர்முனையில் ஆர்னால்ட். 1970-களில் வாரம் ஆறு நாள், காலை மாலை இரண்டு வேளை, எக்கச்சக்கமான செட்டுகள். அவரும் ஏழு முறை ஜெயித்தார். ஆக, இரண்டு வழியும் ஓடியது. ஓடாதது எது என்றால், ஆர்னால்டின் ஆறு நாளையும் யேட்ஸின் வெறியையும் ஒன்றாகக் கலப்பது. நம்மூர் ஜிம்களில் நடப்பது பெரும்பாலும் அந்தக் கலவைதான் :-)

இத்தனைக்கும் ஸ்டீராய்டு எடுத்ததை யேட்ஸே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்த உதவி இருந்தும் அவருக்கு வாரம் மூன்று நாள் ஓய்வு தேவைப்பட்டது. ஹாஸ்டல் சாப்பாடும் ஐந்து மணி நேரத் தூக்கமுமாக இருக்கும் பையனுக்கு எத்தனை நாள் தேவைப்படும்?

வெயிட் தூக்கும்போது தசை வளர்வதில்லை. கடுமையான பயிற்சிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாளைக்குத் தசை தன்னைக் கட்டிக்கொள்ளும் வேலை வேகமெடுக்கிறது. வளர்ச்சி அப்போதுதான், புரதமும் தூக்கமும் கிடைத்தால். காமர்ஸ் பாஷையில், ஜிம்மில் நடப்பதெல்லாம் செலவு. வரவு வீட்டில்தான் எழுதப்படுகிறது.

இதைக் கேட்டு நான்கு நாள் கட் அடிப்பவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கேஸ். சாதாரண உடம்புக்கு ஒவ்வொரு தசைக்கும் வாரம் இரண்டு முறை, நடுவே இரண்டு நாள் இடைவெளி என்பது நியாயமான கணக்கு. ஒவ்வொரு செட்டையும் உயிர் போகும் வரை இழுக்க வேண்டியதும் இல்லை. ஒன்றிரண்டு ரெப் மிச்சம் வைத்து நிறுத்தினாலும் தசை நன்றாகவே வளர்கிறது.

அந்த மிச்சம் ஏன் முக்கியம் என்பதற்கும் யேட்ஸே சாட்சி. 1994-ல் இடது பைசெப்ஸ் கிழிந்தது. 1997 போட்டிக்குச் சில வாரம் முன்பு ட்ரைசெப்ஸ் கிழிந்தது. இரண்டு முறையும் மேடையேறி ஜெயித்தார், உண்மைதான். ஆனால் 1997-க்குப் பிறகு அவர் போட்டிக்குத் திரும்பவே இல்லை. தசையைவிட மெதுவாகப் பலம் பெறுவது அதை எலும்போடு கட்டும் தசைநாண். கண்ணாடியில் அது தெரியாது.

வெயிட் இரண்டு வாரமாக ஏறவில்லை, ராத்திரி தூக்கம் வரவில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல்... இந்த நிலையில் மாஸ்டர் "இன்னும் ரெண்டு செட் போடுடா" என்றால், வணக்கம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.