‘பிபிஏ ஃப்ரீ’னு போட்டிருந்தா போதுமா? பச்சிளம் குழந்தைக்கு பால் பாட்டில் வாங்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

குழந்தை பிறந்த வீட்டுக்குப் பார்க்க வருபவர்கள் கொண்டு வரும் கிஃப்ட் பாக்ஸில் சோப், பவுடர், கிலுகிலுப்பையோடு ஒரு பால் பாட்டிலும் இருக்கும். ஆன்லைனில் தேடினால் கார்ட்டூன் படம் போட்டது, கைப்பிடி வைத்தது, ஸ்பூன் மூடி வைத்தது என்று நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும். பெரும்பாலானவற்றில் ஒரே வாசகம்தான்: ‘பிபிஏ ஃப்ரீ’.

இந்த வாசகத்தைப் பார்த்ததும் ‘அப்போ சேஃப்தான்’ என்று பல பெற்றோர் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஆனால் ஒரு பாட்டில் பாதுகாப்பானதா என்பதற்கு அந்த வாசகம் பாதி பதில்கூட கிடையாது. மீதி பதில் பெட்டியின் மேலிருக்கும் ஒரு முத்திரையிலும், பாட்டிலின் வடிவத்திலும், நம் வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது.

பிபிஏ என்றால் என்ன?

பிஸ்பீனால் ஏ என்பதன் சுருக்கம்தான் பிபிஏ. கண்ணாடி மாதிரி பளபளப்பாக, கடினமாக இருக்கும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தயாரிக்க இது பயன்படுகிறது. சூடான பால் ஊற்றும்போது பாட்டிலிலிருந்து இந்த ரசாயனம் சிறிதளவு பாலில் கலக்கிறது. உடலுக்குள் போனால் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் போல நடந்துகொள்ளும் தன்மை இதற்கு உண்டு. அதனால்தான் கைக்குழந்தைகள் விஷயத்தில் இவ்வளவு எச்சரிக்கை.

குழந்தைகளுக்கான பாட்டில்களில் பிபிஏ-வை ஐரோப்பிய ஒன்றியம் 2011-லும், அமெரிக்கா 2012-லும் தடை செய்தன. இந்தியாவில் 2015-ல் திருத்தப்பட்ட ஐஎஸ் 14625 தரநிலை இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. உணவோடு தொடர்புள்ள பொருட்களில் பிபிஏ-வைத் தடை செய்யும் இன்னும் விரிவான விதியை 2025 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் அமலுக்குக் கொண்டு வந்தது. பிபிஏ-வுக்குப் பதிலாக வரும் அதே குடும்பத்து ஆபத்தான ரசாயனங்களையும் அந்த விதி விட்டுவைக்கவில்லை.

ஆக, இந்தியாவில் சட்டப்படி இருந்தே தீர வேண்டிய ஒன்றைத்தான் ‘சிறப்பம்சம்’ என்று பெட்டியில் எழுதி விற்கிறார்கள். அது குறைந்தபட்சத் தகுதி, அவ்வளவுதான்.

அப்போ பெட்டியில் எதைப் பார்க்கணும்?

ஐஎஸ்ஐ முத்திரையை. மற்ற பல பொருட்களைப் போல பால் பாட்டிலுக்கு இது ‘இருந்தால் நல்லது’ ரகம் கிடையாது. குழந்தைகளுக்கான பால் மாற்றுப் பொருட்கள், பால் பாட்டில்கள் மற்றும் குழந்தை உணவுகள் சட்டம், 1992-ன் 11-வது பிரிவின்படி, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை இல்லாத பால் பாட்டிலை விற்கவே கூடாது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முத்திரை அசல்தானா என்று செக் பண்ணவும் வழி இருக்கிறது. அதன் அருகில் ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். முத்திரையே இல்லாத பாட்டில் எவ்வளவு அழகாக இருந்தாலும் கடையிலேயே விட்டுவிடலாம்.

இன்னொரு விஷயம். ‘அக்கா பையனுக்கு வாங்கினது, ரெண்டு மாசம்தான் யூஸ் பண்ணோம்’ என்று கைமாறி வரும் பழைய பாட்டில்கள். அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். 7 என்பது ‘இதர பிளாஸ்டிக்’ வகை. பாலிகார்பனேட்டும் இதில்தான் வரும். 7 என்றாலே பாலிகார்பனேட் என்று அர்த்தமில்லை. ஆனால் எப்போது வாங்கியது என்றே தெரியாத, கீறல் விழுந்த, 7 போட்ட பாட்டிலைக் குழந்தைக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

பாலிப்ரொப்பிலீன் என்றால் பிரச்னையே இல்லையா?

பிபிஏ பிரச்னை இல்லை. ஆனால் மைக்ரோபிளாஸ்டிக் கேள்வி இருக்கிறது. அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், பாலிப்ரொப்பிலீன் பாட்டில்களில் பால் பவுடர் கலக்கும்போது ஒரு லிட்டருக்கு 1.6 கோடி நுண்துகள்கள் வரை வெளியேறுவது தெரிய வந்தது. வெப்பம் கூடக் கூட எண்ணிக்கையும் கூடியது. 25 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு சுமார் 6 லட்சமாக இருந்தது, 95 டிகிரியில் 5.5 கோடியானது.

இந்தத் துகள்கள் குழந்தையின் உடலை என்ன செய்யும் என்பதற்கு அந்த ஆய்வில் விடை இல்லை. அதனால் பயந்துபோய் சூடு பண்ணாமல் பால் கலக்கக் கூடாது. காரணம், பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் இல்லை. குரோனோபாக்டர் என்ற பாக்டீரியா அதில் இருக்க வாய்ப்பு உண்டு; அரிதாக வந்தாலும் பச்சிளம் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டிலுள்ள தண்ணீரில் பவுடரைக் கலக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இரண்டையும் சமாளிக்க அந்த ஆய்வாளர்களே ஒரு வழி சொல்கிறார்கள். எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் பாலைக் கலக்க வேண்டும். குடிக்கும் பதத்துக்கு ஆறிய பிறகு பாட்டிலில் ஊற்ற வேண்டும். கொதிக்க வைத்துச் சுத்தம் செய்த பாட்டிலை, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும். பாட்டிலை வேகமாகக் குலுக்கக் கூடாது. கூடுதல் செலவே இல்லை.

கண்ணாடியா, ஸ்டீலா, பிளாஸ்டிக்கா?

கண்ணாடியில் ரசாயனம், நுண்துகள் கவலை இல்லை. கறையும் வாடையும் தங்காது. ஆனால் கனம் அதிகம், கீழே விழுந்தால் உடையும். விளிம்பில் சின்னச் சில்லு போயிருந்தாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஸ்டீல் உடையாது. ஆனால் எவ்வளவு பால் குடித்தது என்பதும், உள்ளே சரியாகக் கழுவியிருக்கிறதா என்பதும் வெளியிலிருந்து தெரியாது. பிளாஸ்டிக் லேசானது, விலை குறைவு. கீறல் விழுந்தாலோ, மங்கினாலோ மாற்றியாக வேண்டும்.

எதை எடுத்தாலும் வடிவம் முக்கியம். அகல வாய், நேரான உட்புறம், குறைவான பாகங்கள். இதுதான் நல்ல பாட்டிலுக்கு இலக்கணம். உள்ளே ஸ்ட்ரா, மடிப்பு, வளைவு என்று இருந்தால் பிரஷ் போகாத மூலையில் பால் தங்கும், அங்கேதான் கிருமி வளரும். பிறந்த குழந்தைக்கு மெதுவாகப் பால் வரும் நிப்பிளே போதும். பால் சீக்கிரம் வரட்டும் என்று ஊசியைச் சுட்டு ஓட்டையைப் பெரிதாக்குவது புரையேற வழி செய்யும். நிப்பிள் பிசுபிசுப்பானாலோ, வெடித்தாலோ, உப்பினாலோ உடனே மாற்றிவிட வேண்டும்.

பெரிய ஆபத்து எங்கே இருக்கு?

கழுவுவதில். விலை உயர்ந்த பாட்டிலும் சரியாகக் கழுவாவிட்டால் வயிற்றுப்போக்கைத்தான் கொண்டு வரும். முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை:

• பால் கொடுத்து முடித்ததும் பாட்டில், நிப்பிள், வளையம் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி, சோப்பும் தனி பிரஷ்ஷும் போட்டுக் கழுவுங்கள்.

• பிறகு தண்ணீரில் முழுசாக மூழ்க வைத்து, கொதி வந்த பிறகு 10 நிமிடம் விடுங்கள். முதல் சில மாதங்களுக்கும், குறைமாதக் குழந்தைகளுக்கும் இது கட்டாயம். பாட்டிலைத் துணியால் துடைக்காமல் தானாக உலர விடுங்கள்.

• குழந்தை வாய் வைத்த பாலை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ‘அப்புறம் குடிப்பான்’ என்று மூடி வைக்கக் கூடாது.

• பவுடர் டப்பாவில் உள்ள அளவுப்படியே கலக்குங்கள். சிக்கனத்துக்காகத் தண்ணீரைக் கூட்டினால் வயிறு நிறையும், எடை ஏறாது.

• தலையணையில் பாட்டிலைச் சாய்த்து வைத்துவிட்டு வேலை பார்க்கப் போகக் கூடாது.

பாட்டிலே வேண்டாம் என்றால்?

நம்ம வீடுகளில் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது: சங்கு. பாலாடை என்றும் சொல்வார்கள். திறந்த பாத்திரம் என்பதால் மூலை முடுக்கு இல்லை, கழுவுவதும் கொதிக்க வைப்பதும் எளிது. இந்தியாவில் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், நேரடியாகத் தாய்ப்பால் குடிக்க முடியாத குறைமாதக் குழந்தைகளுக்கு இன்றும் இதில்தான் பால் புகட்டுகிறார்கள். குழந்தையை மடியில் சற்று நிமிர்த்தி வைத்து, உதட்டோரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, விழுங்கிய பிறகே அடுத்த துளி கொடுக்க வேண்டும். மடமடவென்று ஊற்றக் கூடாது.

முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் போதும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் தேசிய குடும்ப நல ஆய்வு 5-ன்படி, 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்கள் நாடு முழுக்க 63.7 சதவீதம். வேலைக்குத் திரும்பும் அம்மா, நோயில் இருக்கும் அம்மா, பால் பற்றாத அம்மா என்று காரணங்கள் பல. அவர்களைக் குற்றம் சொல்லி ஆகப்போவது எதுவும் இல்லை.

சட்டம் இருந்தும் ஏன் குழப்பம்?

அதே 1992 சட்டம் பால் பாட்டிலுக்கும் பால் பவுடருக்கும் விளம்பரம் செய்யவே தடை விதிக்கிறது. இலவச சாம்பிள் கூடாது. விற்பனையைத் தூண்டும் எந்தச் சலுகையும் கூடாது. மருத்துவமனையில் போஸ்டர் ஒட்டக் கூடாது. தாய்ப்பாலுக்குப் போட்டியாக வியாபாரம் வளரக் கூடாது என்பதுதான் நோக்கம்.

ஆனால் பாட்டிலை விளம்பரம் செய்யத்தான் தடையே தவிர, அதன் ஆபத்தைப் பற்றி அம்மாக்களிடம் பேச எந்தத் தடையும் இல்லை. பாட்டில், நிப்பிள் பயன்பாடு குறித்தும் அதன் அபாயங்கள் குறித்தும் தாய்மார்களுக்கு ஆலோசனை சொல்ல வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கான வழிகாட்டுதலில் 2018-லேயே உலக சுகாதார நிறுவனம் சேர்த்துவிட்டது. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் ஒரு நர்ஸ் பத்து நிமிடம் உட்கார்ந்து இதைச் சொல்லிக் கொடுத்தால் போதும். அது நடக்காத இடத்தில், அட்டைப் பெட்டியில் உள்ள இரண்டு வார்த்தைகள்தான் அந்த அம்மாவுக்கு ஆலோசகர் ஆகின்றன.

எனவே டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும் முன் தயங்காமல் கேளுங்கள்: ‘பால் பத்தலைன்னா என்ன செய்யணும், எதுல கொடுக்கணும், எப்படிக் கழுவணும்?’ இந்த மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகு கடைக்குப் போனால் போதும்.