மானுக்கென விதைத்த புல்

சில ஆண்டுகளுக்கு முன்னர் கனடா சென்றிருந்தபோது, ஒன்ராறியோவின் கிராமப்புறத்தில் காணி வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டில் இரு நாட்கள் தங்கினேன். காட்டோரமாக இரண்டு ஏக்கர் நிலத்தில் அவர் குளோவர் விதைத்திருந்தார். "இது எனக்கில்லை, மானுகளுக்கு" என்று பெருமையுடன் காட்டினார். வட அமெரிக்காவில் இது பரவலான வழக்கம். அவ்வாறு விதைப்போரிற் பலர் வேட்டைக்காரர்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

மறுநாள் காலை, அயலவர் ஒருவர் உழவு இயந்திரத்துடன் வந்து அப்புல்லை வெட்டத் தொடங்கினார். உலர்த்திக் கட்டுகளாக விற்பதாக ஏற்பாடு. அது ஜூன் மாதத்தின் முதல் வாரம். மூன்றாவது சுற்றில் இயந்திரம் நின்றது. பிறந்து சில நாட்களேயான மான்குட்டியொன்று கால்கள் வெட்டுண்டு கிடந்தது. நண்பர் எதுவும் பேசவில்லை.

புல்லை வெட்டுவதே தவறென்று நான் வாதிட வரவில்லை. வெட்டாது விட்டால் களை மேலோங்கும், தண்டு முற்றிவிடும். வெட்டினால் புரதம் மிகுந்த இளந்தளிர் துளிர்க்கும். வெட்டிய புல் தடிப்பாகக் கிடந்தால் அடியிலுள்ள பயிர் அழுகும். ஆகவே அதனை அகற்றி மாட்டுக்குத் தீவனமாக்குவதிலும் நியாயம் உண்டு. புல்லோடு வெளியேறும் பொட்டாசியத்தையும் பொஸ்பரசையும் உரமிட்டு ஈடுசெய்தாற் போதும்.

எனது ஆட்சேபம் காலத்தைப் பற்றியது. அங்கு மான்கள் குட்டி ஈனுவது மே இறுதியிலும் ஜூனிலும். ஆபத்து நெருங்கினால் குட்டி ஓடாது, அசையாமற் படுத்துக்கொள்ளும். ஓநாயிடமிருந்து அதைக் காப்பாற்றும் அதே குணம் இயந்திரத்திடம் அதைப் பலிகொடுக்கின்றது. பொபோலிங்க் என்ற சிறு பறவையும் அதே காலத்தில் அதே புல்லில் கூடு கட்டுகின்றது. தென் அமெரிக்காவிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வரும் அப்பறவையை, 2010 இல் ஒன்ராறியோ அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிட்டது.

ஜூலை நடுப்பகுதிவரை பொறுத்தால் பெரும்பாலான குஞ்சுகள் பறந்துவிடும். ஆனால் பிந்தி வெட்டிய புல்லில் சத்துக் குறைவு, விலையும் குறைவு. பால்மாடு வளர்ப்பவருக்கு அது மெய்யான நட்டம். நட்டத்தை அவர் தலையில் மட்டும் சுமத்துவது நீதியாகாது. அமெரிக்கா 1985 முதல் ஒரு திட்டத்தின் கீழ், பயிரிடாது ஒதுக்கும் நிலத்துக்கு உழவருக்கு வாடகை கொடுக்கின்றது. கூடு கட்டும் பருவத்தில் அங்கு புல் வெட்டுவதைக் கட்டுப்படுத்துகின்றது. 2012 இன் கடும் வறட்சியில் தீவனமின்றி மாடுகள் வாடியபோது, அந்நிலங்களில் வெட்டுவதற்கு விசேட அனுமதி வழங்கியது. அதை நான் குறைகூற மாட்டேன்.

என் நண்பருக்கோ மாடும் இல்லை, வறட்சியும் இல்லை. மானுக்கென்று சொல்லி விதைத்தவர், புல்லுக்கு விலை வந்ததும் மானை மறந்தார். கொடுத்ததைத் திருப்பி எடுப்பதைவிடக் கொடுக்காமலிருப்பது மேல். விதைக்காத நிலத்தை நம்பி எந்தத் தாய்மானும் குட்டியைக் கிடத்தியிராது.

காத்திருக்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. ஸ்கொட்லாந்தில் கோர்ன்கிரேக் என்ற பறவையைக் காக்க, வயலின் நடுவிலிருந்து வெளிநோக்கி வெட்டுகிறார்கள். உயிர்கள் ஓரத்துக்குத் தப்பியோட வழி கிடைக்கின்றது. ஜெர்மனியில் வெட்டுவதற்கு முன் அதிகாலையில் வெப்பத்தை உணரும் கமெராவுடன் ட்ரோன்களைப் பறக்கவிட்டுக் குட்டிகளைத் தேடி எடுக்கிறார்கள். 2021 முதல் அந்த ட்ரோன்களுக்கு அரசாங்கம் நிதியுதவியும் வழங்கியது.

எங்கள் ஊர்களில் நெல் அருவி வெட்டு அரிவாளால் நடந்த காலத்தில், குனிந்து வெட்டுபவரின் கண்ணுக்குக் காடைக்கூடு தென்படும். இயந்திரத்தின் மேல் அமர்ந்திருப்பவருக்கு அது தென்படாது. ஆகவே வெட்டுவதற்கு முன்னரே பார்த்துவிட வேண்டும்.

அடுத்த ஆண்டு தொலைபேசியில் பேசியபோது, ஜூலை இருபது வரை காத்திருந்ததாக நண்பர் சொன்னார். புல் முரடாகிவிட்டதாம், பாதி விலைதான் கிடைத்ததாம். மிச்சப் பாதி மானுக்குரிய பங்கென்று அவருக்குச் சொன்னேன்.