இந்துமதிக்கு சல்யூட் வேண்டாம், மேட்ச் கொடுங்க!

இந்துமதி கதிரேசன் தெரியுமா என்று கிளாஸில் கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் "எந்த சீரியல்ல வர்றாங்க?" என்றார்கள். அவர்களை மன்னித்து விடலாம். மீதிப் பேர், "ஓ, ஃபுட்பால் ஆடுற போலீஸ்தானே? செம இன்ஸ்பிரேஷன்டா!" என்றார்கள். இந்தப் பதிவு அந்த இரண்டாவது கோஷ்டிக்குத்தான். கோபப்படாமல் படிங்க மக்களே.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கடலூர்க்காரர். மிட்ஃபீல்டர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து, தமிழ்நாடு முதல் தடவையாக தேசிய சீனியர் பெண்கள் சாம்பியன் ஆனதே, அந்த அணியில் இருந்தவர். 2019 மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்தபோதும் இருந்தார். இந்தியாவுக்காகவும் ஆடியவர். கூடவே தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 லாக்டவுனில் சென்னையில் டியூட்டி பார்த்தார். அப்போதுதான் பேப்பர்களெல்லாம் அவரைக் கண்டுபிடித்தன. காக்கிச் சட்டை, மாஸ்க், சல்யூட். பக்கம் பக்கமாகப் பாராட்டு.

என் எரிச்சலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் கணக்கு. சப்-இன்ஸ்பெக்டருக்கு அரசு கொடுக்கிற சம்பளம் எதற்கு? போலீஸ் வேலைக்கு. ஸ்டேஷனில் நின்றதற்கும், ரோட்டில் பைக்கை மறித்ததற்கும். அதை நாம் எந்தத் தலைப்பில் எழுதுகிறோம்? "கால்பந்துக்கு அரசின் ஊக்கம்" என்று! ஒரு கணக்கில் வர வேண்டியதை இன்னொரு கணக்கில் வரவு வைத்தால் முதல் வருஷப் பையனுக்குக் கூட மார்க் போய்விடும். நாடே அதைச் செய்தால் அதற்குப் பெயர் பெருமை. ஹூம்...

வேலை கொடுத்தது தப்பு என்று சொல்லவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைப்பது ரொம்ப நல்ல விஷயம். எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் சோறு. ஆனால் காக்கியை ஒதுக்கி வைத்துவிட்டு, கால்பந்து என்ற தலைப்பில் மட்டும் அவருக்கு என்ன கொடுத்தோம் என்று கூட்டிப் பாருங்கள்.

சேது கோப்பை வாங்கிய அந்த 2019 சீசன் லூதியானாவில் மே 5-ல் தொடங்கி மே 22-ல் முடிந்தது. பதினெட்டு நாள். சாம்பியன் ஆடியது மொத்தம் 7 மேட்ச். நம்ம ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி உற்சவமே பகல்பத்து, ராப்பத்து என்று இருபது நாளைத் தாண்டும். ஒரு தேசிய லீக் அதைவிடச் சின்னது!

அடுத்த சீசன் 2020 பிப்ரவரியில் பெங்களூரில் முடிந்தது. அதற்கடுத்த லீக் எப்போது? 2022 ஏப்ரல். நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒன்றுமே கிடையாது. கொரோனா என்பீர்கள். அதே கொரோனாவில்தான் 2020 நவம்பரில் இருந்து 2021 மார்ச் வரை ஆண்களின் ஐ.எஸ்.எல். முழுசாக நடந்தது. கோவாவில், காலி ஸ்டேடியத்தில், எல்லோரையும் ஹோட்டலில் பூட்டி வைத்து நடத்தினார்கள். ஆம்பளைங்களுக்கு மட்டும் வைரஸ் லீவு கொடுத்ததா என்ன?

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை இங்கேயே நடந்தது. இந்துமதியும் அணியில் இருந்தார். ஈரானோடு 0-0. அடுத்த மேட்சுக்கு முன்னால் அணியில் பத்துப் பேருக்கு மேல் கொரோனா. சீன தைபேயுடன் ஆட ஆள் இல்லாமல் போட்டியை விட்டே வெளியே. சொந்த மண்ணில் நடந்த ஆசியக் கோப்பையில் ஒரே மேட்ச்!

இப்போது ஜெர்மனிக்குப் போவோம். லேனா ஓபர்டோர்ஃப். அவரும் மிட்ஃபீல்டர்தான். 2019-ல் உலகக் கோப்பை ஆடும்போது வயசு 17. 2022 யூரோவில் சிறந்த இளம் வீராங்கனை. அந்தச் சமயம் ஜெர்மன் பெண்கள் லீக்கில் 12 அணி, ஆளுக்கு 22 மேட்ச். கோப்பைப் போட்டி, சாம்பியன்ஸ் லீக் எல்லாம் தனி. 2024-ல் பாயர்ன் மியூனிக் அவரை வாங்கியது. விலை 4 லட்சம் யூரோவுக்கு மேல் என்று செய்தி. அந்த ஜூலையிலேயே முழங்கால் தசைநார் கிழிந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆடவில்லை. திரும்பி வந்தார். 2025 அக்டோபரில் மறுபடி முழங்கால். பாவம்தான். ஆனால் அங்கே தொழில்முறை வீரர்களுக்கு ஃபேக்டரி தொழிலாளி மாதிரியே சட்டப்படி தொழில் விபத்துக் காப்பீடு உண்டு. கால் போனால் வேறு வேலை தேடு என்று யாரும் சொல்வதில்லை. ஒரு வீராங்கனையை வாங்கிய பணம் கிளப்பின் கணக்கில் சொத்தாக உட்காருகிறது, ஒப்பந்தக் காலம் முழுக்கப் பிரித்து எழுதுகிறார்கள். சொத்தை யாராவது துருப்பிடிக்க விடுவார்களா?

"அது ஜெர்மனிடா மச்சி, அவங்க கல்ச்சர் வேற" என்று ஒருத்தன் வருவான். தம்பி, அந்தக் கல்ச்சரைக் கேள். 1955-ல் ஜெர்மன் கால்பந்து சங்கம் பெண்கள் ஆடவே கூடாது என்று தடை போட்டது. 1970 வரை தடை. 1989-ல் அவர்கள் ஐரோப்பிய சாம்பியன் ஆனபோது சங்கம் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? ஆளுக்கொரு காபி செட்! கப் அண்ட் சாஸர்! நம்ம சல்யூட்டுக்கு அண்ணன் முறை அது. ஆனால் 1990-ல் லீக் ஆரம்பித்தார்கள். 2003-லும் 2007-லும் உலகக் கோப்பை வந்தது. லீக் முதலில், கோப்பை பிறகு. வரிசையைக் கவனியுங்கள்.

அடுத்த கேள்வி, "பார்க்க ஆளே இல்லையே, யார் காசு போடுவா?" காமர்ஸ் படிக்கிறவனிடமே கேட்கிறார்கள்! வருஷத்துக்குப் பதினெட்டு நாள் மட்டும் திறக்கிற கடைக்கு எந்த ஊரில் வாடிக்கையாளர் வருவான்? சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடையை அப்படித் திறந்து பாருங்களேன்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2023-24-ல் இந்தியப் பெண்கள் லீக் சொந்த ஊர், வெளியூர் என்று மாறியது. 2024-25-ல் 8 அணி, ஆளுக்கு 14 மேட்ச். நல்ல மாற்றம். ஆனால் இந்துமதி பிறந்தது 1994. ஒரு மிட்ஃபீல்டர் இருபத்தைந்து வயசில் ஆட வேண்டிய மேட்சை முப்பது வயசில் கொடுத்தால் அது பாக்கி வசூல் ஆகாது, வாராக்கடன்தான். பந்து வருவதற்கு முன்னாலேயே தலையைத் திருப்பி யார் எங்கே நிற்கிறார் என்று பார்க்கிற பழக்கம் ட்ரில்லில் வராது. மேட்சில்தான் வரும், அதுவும் நூறு மேட்சில்.

நம்ம ஊருக்கு வருவோம். இங்கே பெண்கள் காலேஜ் டீம் என்றால் என்ன? டோர்னமெண்டுக்குப் பத்து நாள் முன்னால் ஆள் சேர்ப்பார்கள். நாக்-அவுட். முதல் மேட்ச் தோற்றால் அந்த வருஷம் முடிந்தது. 16 அணி நாக்-அவுட்டில் 8 அணிக்கு ஆயுசு ஒரே மேட்ச்.

பதிலாக இப்படிச் செய்யலாம். திருச்சி, தஞ்சாவூர், கரூர், புதுக்கோட்டை எல்லாம் சேர்த்து 8 அணி. ஒவ்வொன்றும் மற்றதோடு இரண்டு தடவை. ஆளுக்கு 14 மேட்ச், மொத்தம் 56. வாரக் கடைசிக்கு 4 மேட்ச் என்றால் 14 வாரம். செலவு? கிரவுண்டு ஏற்கனவே இருக்கிறது. பஸ் காசு, சாப்பாடு, ரெஃப்ரி பேட்டா, ஒரு பிசியோ. கோப்பை ஜெயித்த பிறகு மேடை போட்டு, மாலை போட்டு, ஃப்ளெக்ஸ் அடிக்கிற செலவில் பாதியை இதற்குத் திருப்பினாலே நிறைய நடக்கும்.

அடுத்த இந்துமதி இப்போது ஒன்பதாவது படித்துக் கொண்டிருக்கலாம், உறையூரிலோ லால்குடியிலோ. பத்து வருஷம் கழித்து அவரைப் பார்த்து சல்யூட் அடிக்க நாம் ரெடி. இந்த சனிக்கிழமை அவருக்கு ஒரு மேட்ச் இருக்கிறதா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் இன்ஸ்பிரேஷன் பேசுவோம்.