கிரேப்ஃபுரூட் திராட்சை அன்று

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் பழக்கடைகளில் சகோத்ரா என்று கேட்டால் எடுத்துத் தரப்படும் பருத்த பழத்துக்குத் தமிழில் பம்பளிமாசு என்று பெயர். டச்சு மொழி விட்டுச்சென்ற சொல் அது. அங்கிருந்து ஒரே ஒரு மெட்ரோ நிலையம் தள்ளி எய்ம்ஸ். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்று டாக்ரோலிமஸ் மாத்திரையோடு வெளிவரும் ஒரு தமிழர், எந்தப் பழத்தைத் தவிர்க்க வேண்டும் என்று தம் மொழியில் தேடினால், இயந்திர மொழிபெயர்ப்பும் அதை நகலெடுக்கும் நலக்குறிப்புகளும் அவருக்குத் தரும் விடை: திராட்சைப்பழம்.

இது சொற்பிழை மட்டுமன்று. விழுங்கிய மாத்திரை நேராகக் குருதிக்குள் போய்விடுவதில்லை. கரைந்து, சிறுகுடலின் சுவர்ச் செல்களைக் கடந்து, போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலை அடைந்து, அதையும் தாண்டிய பிறகே உடலெங்கும் பரவுகிறது. குடற்சுவரிலும் கல்லீரலிலும் சிஒய்பி3ஏ4 என்னும் நொதி சுங்கம் வசூலிக்கிறது. இரத்த அழுத்த மருந்தான ஃபெலோடிபினில் ஏறத்தாழ 15 விழுக்காடே தப்பிப் பொதுக் குருதியோட்டத்தைச் சேர்கிறது. மருந்தின் அளவே இந்த இழப்பைக் கணக்கில் கொண்டு வகுக்கப்பட்டது. கிரேப்ஃபுரூட்டில் உள்ள ஃபுரானோகூமரின்கள் குடற்சுவர் நொதியை மீளமுடியாதபடி முடக்குகின்றன. சுங்கச்சாவடி மூடப்பட்டால் அதே மாத்திரை பன்மடங்காகிறது. கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர் இதைக் கண்டது தற்செயலாக: மதுவும் ஃபெலோடிபினும் சேர்வதை ஆராய்கையில், மதுவின் சுவையை மறைக்கத்தான் அந்தச் சாற்றைக் கலந்தார்கள். 1989இல் அது வெளியானது. புதிய நொதி உருவாகும்வரை விளைவு நீடிப்பதால், பழத்துக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுவதும் காக்காது.

கிரேப்ஃபுரூட்டின் தாய்தந்தையருள் ஒன்று பம்பளிமாசு, மற்றொன்று ஆரஞ்சு. தாய்ப்பழத்திலும் அதே வேதிப்பொருள்கள் உண்டு. ஜப்பானில் சிறுநீரக மாற்று பெற்ற ஒருவருக்குப் பம்பளிமாசு உண்டதால் குருதியில் டாக்ரோலிமஸ் அளவு உயர்ந்தது 2003இல் பதிவாகியிருக்கிறது. அளவு மிஞ்சிய டாக்ரோலிமஸ், மாற்றிப் பொருத்திய அந்தச் சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடியது. மரத்தில் கொத்தாகக் காய்ப்பதால் ஆங்கிலேயர் வைத்த பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவர், குற்றமற்ற திராட்சையைத் தண்டித்துக் குற்றவாளியைத் தட்டில் வைத்துவிட்டார்.

நோயாளிகள் குறிப்புகளைப் படிப்பதில்லை, மருத்துவர் சொல்லிவிடுவார் என்பது கலைச்சொல் விவாதங்களில் வழக்கமான பதில். புறநோயாளிப் பிரிவின் வரிசையை ஒருமுறையேனும் பார்த்தவர் இதைச் சொல்லத் தயங்குவார். கிரேப்ஃபுரூட் என்று ஒலிபெயர்த்தாலே போதும் என்பது சற்று மேலான வாதம், பொய்யாவது நீங்கும். ஆனால் அப்பழத்தைக் கண்டிராத வாசகருக்கு அது வெற்றொலி. அவர் வீட்டுத் தோட்டத்துப் பம்பளிமாசை அது சுட்டாது. இந்தியின் சகோத்ரா இரண்டு பழங்களையும் தழுவிவிடுவதால், இந்த ஓரிடத்தில் இந்தி வாசகர் பிழைத்துக்கொள்கிறார். தமிழிலோ, சொல் இல்லாத குறையே இல்லை. தூய தமிழ்ச்சொல் அன்று என்று பம்பளிமாசை ஒதுக்கிவிட்டு, தூய தமிழும் அல்லாத திராட்சையை அங்கே உட்காரவைத்திருக்கிறோம்.

டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், சிம்வாஸ்டாட்டின், ஃபெலோடிபின் ஆகியவற்றின் தமிழ்க்குறிப்பில் வேண்டியது ஒரே வரி: பம்பளிமாசு, கிரேப்ஃபுரூட் இரண்டையும் தவிர்க்கவும். அதை எழுத வல்லுநர் குழு எதுவும் கூட வேண்டியதில்லை.